மாப்பிள்ளை ஒட்டிய பீங்கான்

14 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை
முற்பகல்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் சம்பந்தியம்மாளும், ஒரு பல் நீங்கலாக, நலம். அங்கு தாங்களும் தங்கள் இல்லத்தரசியாரும் தங்கள் காதில் மாட்டும் கருவியும் நலமாக இயங்கி வருவதாக நம்புகிறேன். தாங்கள் 9ஆம் தேதி எழுதிய கடிதம் நேற்று, 13ஆம் தேதி திங்கட்கிழமை, பிற்பகல் தபாலில் கிடைத்தது. கடிதத்தில் தேதி இல்லை. உறையின் மேலிருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் 9 என்று கண்டுபிடித்தேன். ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து, தேதி தவறிய சீட்டுக்காக எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்ட தாங்கள், தேதியே இல்லாத ஒரு கடிதத்தை என் வீட்டுக்குள் ஏறவிட்டது வருத்தத்துக்குரியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

“பல்லில் போட்ட கிளிப்பைப் பையன் கழற்றிவிட்டானா?” என்று அன்போடு விசாரித்திருந்தீர்கள். கழற்றினார்; கழற்றவில்லை. இரண்டும் உண்மை. மேல்வரிசை முன்பல் ஒன்றில் மட்டும் அந்தச் சிறு பீங்கான் துண்டு இன்னமும் குடியிருக்கிறது. எனவே, வருகிற 20ஆம் தேதி திங்கட்கிழமை, தங்கள் புதல்வரின் மருத்துவமனைக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கும் இன்னொரு பல் மருத்துவரிடம் போய் அதைக் கழற்றிக்கொள்ள நேரம் வாங்கியிருக்கிறேன். மாப்பிள்ளை பல் மருத்துவராக இருக்க, மாமனார் எதிர்ச்சாரிக்குப் போவது தெருவே பார்க்கும் காரியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பெற்றவரான தங்கள் சம்மதத்தை முதலில் கேட்கிறேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பீங்கான் உதட்டில் உரசுவதால் நான் பேசுவது பாதி காற்றாகப் போகிறது. தங்கள் காதோ மீதிப் பாதியை விட்டுவிடும். ஆகவே எழுதுகிறேன்.

விஷயத்தை ஆதியிலிருந்து சொன்னால்தான் தாங்கள் நடுநிலையோடு தீர்ப்பு வழங்க முடியும். கல்யாணமான புதிதில் தங்கள் புதல்வர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம், சாய்ந்த சுவரைக் கொத்தனார் பார்ப்பது போல என் வாயைப் பார்ப்பார். ஒருநாள் கை கழுவிய கையோடு ஆரம்பித்தார்.

“மாமா, உங்க முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. நடுவுல அழுக்கு சேருது. இப்பவே கிளிப் போட்டு சரி பண்ணிடலாம்.”

“எழுபது வயசுல கிளிப்பா? யாரு பாக்கப் போறாங்க?”

“ஏன், நான் பாக்கறேன்ல?” என்றாள் தங்கள் சம்பந்தியம்மாள், சமையலறையிலிருந்து.

வாயில் கம்பிவேலி போட்டுக்கொண்டு என்னால் வெளியே நடமாட முடியாது என்று நான் ஆட்சேபம் தெரிவித்தேன். “அப்ப செராமிக் போட்டுடலாம் மாமா. பல்லு கலர்லயே இருக்கும், பக்கத்துல வந்து பாத்தாதான் தெரியும்” என்றார். சம்பந்தி, நான் சுவரில் ஒட்டும் டைல்ஸ் தயாரிக்கிற ஆலையில் பரிசோதனைக் கூடத்தின் தலைவனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒட்டிய பீங்கானைச் சுவரிலிருந்து இழுத்து, எத்தனை எடையில் அது கைவிடுகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். செராமிக் என்ற சொல் காதில் விழுந்ததும், எனக்குள் ஓய்வில் இருந்த பரிசோதகர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

2022 மார்ச் 7ஆம் தேதி திங்கட்கிழமை பீங்கான் துண்டுகள் என் பற்களில் ஏறின. தங்கள் புதல்வர் ஒவ்வொரு பல்லிலும் ஒரு புளிப்பான களிம்பைத் தடவிக் கழுவி, சுண்ணாம்பு அடித்தது போல் அது வெளுத்ததும், பசை வைத்துப் பீங்கானை அழுத்த, அங்கே உதவியாளராக இருக்கும் அம்மையார் ஒரு நீல விளக்கைப் பிடித்து அந்தப் பசையை இறுகவைத்தார். அந்த அம்மையாருக்கு விளக்கம்மா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வாயைக் கொப்பளித்ததும் நான் கேட்ட முதல் கேள்விக்கே உருப்படியான பதில் வரவில்லை.

“மாப்பிள்ளை, இது எத்தனை கிலோ தாங்கும்?”

“போதுமான அளவு தாங்கும் மாமா.”

“போதுமான அளவுங்கறது ஒரு அளவே இல்ல. எங்க ஆலையில யாராவது இப்படி எழுதிக் குடுத்திருந்தா மறுநாள் வேற வேலை தேடியிருப்பான்.”

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். “மாமா, இது சுவத்துல ஒட்டற டைல்ஸ் இல்ல. வேலை முடிஞ்சதும் எடுக்கணும். மெட்டல்னா அழுத்தினா கொஞ்சம் வளையும், உரிச்சு எடுத்துடலாம். செராமிக் வளையாது. ரொம்ப பலமா ஒட்டிட்டோம்னா எடுக்கும்போது அதுவும் நொறுங்கும், சமயத்துல பல்லு மேல இருக்கற எனாமலையும் பேத்துக்கிட்டு வந்துடும். மெல்லும்போது விழக் கூடாது, நான் எடுக்கும்போது வராம இருக்கக் கூடாது. அவ்ளோதான்.”

ஒரு பொருள் விழுவதற்கென்றே ஒட்டப்படுகிறது என்ற கொள்கையை நான் வாழ்நாளில் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். இது ஒட்டத் தெரியாதவர் சொல்லும் சாக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டும் சொன்னதாக விளக்கம்மா சொல்கிறார். இருக்கலாம்.

அளவு தெரியாமல் ஒரு பீங்கானோடு எப்படி வாழ்வது? எங்கள் வீட்டில், வெளியூர் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருக்கிறது. மார்ச் 19ஆம் தேதி சனிக்கிழமை காலை, பல் இடுக்கைச் சுத்தம் செய்யத் தங்கள் புதல்வரே கொடுத்த நூலைப் பீங்கானில் கட்டி, மறுமுனையைத் தராசின் கொக்கியில் மாட்டி, கண்ணாடி முன் நின்று கீழ்நோக்கிச் சீராக இழுத்தேன். அப்போது பார்த்துத் தங்கள் சம்பந்தியம்மாள் துண்டு எடுக்க உள்ளே வந்தாள்.

“ஏங்க, என்ன பண்றீங்க? மீன் பிடிக்கறீங்களா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சிறு ஆட்டத்தில், நாலரை கிலோவில், பீங்கான் பல்லைக் கைவிட்டு, எல்லாப் பீங்கானையும் கோத்திருந்த கம்பியில் தொங்கி ஊஞ்சலாடியது. மாலையே மருத்துவமனைக்குப் போனேன்.

“எப்படி விழுந்துச்சு மாமா? கடினமா ஏதாவது கடிச்சீங்களா?”

“இல்ல. பரிசோதனைல தோத்துடுச்சு.”

“என்ன பரிசோதனை?”

சொன்னேன். தங்கள் புதல்வர் முகத்தை அந்த நேரத்தில் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கோபப்படவில்லை. ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. தங்கள் வளர்ப்பு அப்படி. அதை நான் எங்கும் மறுக்கவில்லை. மறுபடி ஒட்டினார். மறுவாரம் வேறொரு பல் ஐந்து கிலோவில் தோற்றது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாம் முறை நான் முடிவை அறிவித்தபோது, வரவேற்பறையில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். என் குரல் இயல்பாகவே சற்று உரத்த குரல். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திங்கட்கிழமை தங்கள் புதல்வர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, “சரி மாமா. இனிமே விழாது” என்றார். அந்தக் குரலில் மாப்பிள்ளை இல்லை. வேறு யாரோ இருந்தார்கள். மேல்வரிசை முழுவதையும் புதிதாக ஒட்டினார். களிம்பு முன்னிலும் அதிக நேரம் பல்லில் கிடந்தது. பீங்கானின் அடிப்புறத்தில் ஏதோ ஒரு திரவத்தை ஒருமுறைக்கு இருமுறை பூசினார். நீல விளக்கோ அணையவே இல்லை.

“டாக்டர், கை வலிக்குது. போதுமே?” என்றார் விளக்கம்மா.

“இன்னும் கொஞ்சம் பிடிங்க. மாமாவுக்கு நிறைய கிலோ வேணுமாம்.”

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் தராசை மாட்டி இழுத்தேன். என் தலைதான் கூடவே வந்தது, பீங்கான் வரவில்லை. இன்னும் இழுத்தேன். கொக்கி நிமிர்ந்து கம்பியாகிவிட்டது. சம்பந்தி, அன்றைக்கு நான் அடைந்த ஆனந்தத்தை எழுத்தில் வடிக்க இயலாது. மறுநாளே போய்த் தங்கள் புதல்வரின் கையைப் பிடித்துக் குலுக்கி, “இதுதான் ஒட்டு!” என்று பாராட்டினேன். கொக்கியைப் பட்டறையில் கொடுத்து வளைத்துக்கொண்டேன். அதன்பின் ஒன்றரை வருடம் ஒரு பீங்கானும் அசையவில்லை. பற்களும் வகுப்பறையில் ஆசிரியர் நுழைந்ததும் பிள்ளைகள் நிற்பது போல வரிசையில் வந்து நின்றுவிட்டன. இதையும் பதிவு செய்கிறேன். நியாயம் என்றால் இரு தரப்பையும் எழுத வேண்டும்.

இனி வருவதுதான் வழக்கு. இம்மாதம் 6ஆம் தேதி திங்கட்கிழமை மாலை கழற்றும் வைபவம். தங்கள் மருமகளான என் மகளும் பார்க்க வந்திருந்தாள். கீழ்வரிசை நல்லபடியாக வந்துவிட்டது. மேல்வரிசையில் குறடு வைத்து முதல் பீங்கானை அழுத்தியதும் அது பட்டாசு போல் வெடித்து, ஒரு சில்லு போய் விளக்கம்மாவின் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பாதி உடைந்தது, பாதி பல்லிலேயே நின்றது. நின்றதை அரைத்து எடுத்தார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அறை முழுக்கப் பீங்கான் தூள் பறந்தது. எனக்கு எங்கள் ஆலைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. கடைசியாக முன்பல்லுக்கு வந்தார். அழுத்தினார். பீங்கானும் உடையவில்லை, விடவும் இல்லை. என் கபாலத்தின் கீல் கழன்றுவிடும் போலிருந்தது. மறுபடி அழுத்தினார். பிறகு குறட்டினை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டார். அவருடைய கை நடுங்குவதை நான் மல்லாந்து படுத்தபடி மிக அருகில் பார்த்தேன்.

“இதுக்கு மேல அழுத்தினா பல்லு முகம் போயிடும் மாமா. இன்னிக்கு விட்டுடலாம்.”

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது தங்கள் சம்பந்தியம்மாளின் கருத்து. நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியில் பார்த்து, வரவேற்பறைக்கு வந்து, அங்கே காத்திருந்தவர்களிடம் முன்பல்லைக் காட்டி, “பாருங்க, எங்க மாப்பிள்ளை ஒட்டினது! அவராலயே எடுக்க முடியல!” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், சம்பந்தி. சத்தியமாகப் பெருமையாகத்தான். ஆனால் செராமிக் கிளிப் போட்டுக்கொள்ள வந்திருந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, வெளியே போய், தெருவைக் கடந்து, எதிர்ச்சாரி மருத்துவரின் படியில் ஏறினார். கண்ணாடிக் கதவு வழியாக நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கள் புதல்வரும் பார்த்தார்.

8ஆம் தேதி புதன்கிழமை மறுபடி போனேன். “அரைச்சே எடுத்துடலாம் மாமா. ஆனா ஒரு நிபந்தனை” என்றார். “முதல்ல அந்தத் தராசைக் கொண்டுவந்து என் மேஜை மேல வைங்க. அது உங்க வீட்டுல இருக்கற வரைக்கும் எனக்குக் கை ஓடாது.” இது என்ன நியாயம்? ஆயுளெல்லாம் பரிசோதனை செய்தவனிடம் கருவியைப் பிடுங்குவது, தங்களிடமிருந்து பயணச்சீட்டில் துளையிடும் கருவியைப் பிடுங்குவதற்குச் சமம் அல்லவா? முடியாது என்றேன். அவரும் முடியாது என்றார். அப்படியே தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் 20ஆம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டேன். அங்கே பெயர்ப் பலகை பெரியது, நாற்காலிகள் மூன்று, வரவேற்பில் இருந்த பெண் என்னைத் தாத்தா என்று அழைத்தாள். அது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா, ஒரு தராசுக்காக எதிர்ல போகப் போறீங்களா?”

“தராசுக்காக இல்லம்மா. கொள்கைக்காக.”

“அவர் அன்னிலேர்ந்து யாருக்கும் செராமிக் ஒட்டறதே இல்ல, தெரியுமா? கேட்டு வர்றவங்களையெல்லாம் மெட்டலே போட்டுக்கோங்கன்னு அனுப்பிடறாரு. ஒட்டப் போனா கை நடுங்குதாம். சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியல.”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலப்பா. ஜெயிச்சீங்க. அவ்ளோதான்.”

இப்படிச் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். தங்கள் சம்பந்தியம்மாளோ, “நீங்க எதிர்க்கடைக்குப் போற அன்னிக்கு நான் மாப்பிள்ளை கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து உங்களை வேடிக்கை பாப்பேன்” என்று அறிவித்திருக்கிறாள். ஆக, வீட்டில் நான் தனி ஆள். தங்களையும் விட்டால் எனக்கு நாதியில்லை.

எனவே தாங்கள் தயவுசெய்து இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். நிபந்தனையின்றிக் கழற்றும்படி தங்கள் புதல்வருக்கு உத்தரவிட வேண்டும். அல்லது நான் எதிர்ச்சாரிக்குப் போகத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று, தேதியிட்டு, 18ஆம் தேதி சனிக்கிழமைக்குள் கிடைக்குமாறு ஒரு வரி எழுத வேண்டும். சமாதானம் சொல்லி எழுத வேண்டாம். காலம் செல்லச் செல்ல இது தானாகவே கழன்றுவிடும் என்றும் எழுத வேண்டாம். பீங்கான் விஷயத்தில் என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்கிறேன்: இப்போது என் முன்பல்லில் இருக்கும் இந்தத் துண்டு, ஆயுதமின்றி, நான் உயிரோடு இருக்கும்வரை, ஒரு நூலளவும் அசையாது.

தங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கத்தையும், தங்கள் வீட்டு மாடிப்படிக்கு என் முழங்காலின் மரியாதையையும் தெரிவிக்கவும். தாங்கள் இருவரும் எல்லாப் பற்களோடும் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று, மூத்தவன் என்ற முறையில், நான்கு மாத மூப்புதான் என்றாலும், மனதார வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இதே நாள், பிற்பகல். எந்தக் கடிதத்தையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பிழை பார்க்காமல் நான் தபாலில் சேர்ப்பதில்லை. தங்கள் சம்பந்தியம்மாளை எதிரே உட்காரவைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். ‘ஒரு நூலளவும் அசையாது’ என்ற இடத்தில், உரிய அழுத்தம் கொடுத்துப் படித்தபோது, பீங்கான் வாயிலிருந்து பறந்துபோய் அவள் மடியில் விழுந்தது. தங்கள் புதல்வர் குறடு போட்டு அழுத்தியதில் அது அன்றைக்கே பிடிவிட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். பல்லில் கீறல் இல்லை, சில்லு இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

“நீங்க படிச்ச படிப்புக்கு அதுவே பயந்து குதிச்சிடுச்சு” என்றாள். “மாப்பிள்ளைக்கு போன் பண்ணிச் சொல்லுங்க.”

போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தானாக விழுந்தது என்று தெரிந்தால், அந்தக் கை நடுங்குவது நிற்குமா? நிற்காது. எனவே வைத்துவிட்டேன். மைதாவைக் கொஞ்சம் கொதிநீரில் கிளறிப் பசை காய்ச்சி, பீங்கானை அதே இடத்தில் அதே கோணத்தில் ஒட்டியிருக்கிறேன். முதலில் ஒட்டியது கொட்டாவிக்கே வந்துவிட்டது. இரண்டாவது கெட்டிப்பட்டுப் போனது, பேத்தெடுத்தேன். மூன்றாவதுதான் பதம். மூச்சுக்கு வராது, குறடு பட்டால் வரும். இது ஒத்திகைதான்; நாளை புறப்படும் முன் இதே பதத்தில் புதிதாக ஒட்டிக்கொள்வேன்.

“அவர் டாக்டருங்க. மைதா பசை எதுன்னு தெரியாதா அவருக்கு?” என்றாள் தங்கள் சம்பந்தியம்மாள்.

“தெரிஞ்சாலும் சொல்ல மாட்டார். நல்ல இடத்துப் பிள்ளை” என்றேன்.

நாளை 15ஆம் தேதி புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, வரவேற்பறை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, தராசோடு போகிறேன். அதை மேஜைமேல் வைத்துவிட்டு வாயைத் திறப்பேன். ஒரே அழுத்து, வந்துவிடும். அதன்பின் வரவேற்பறைக்கு வந்து நான் பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். எதிர்ச்சாரியில் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிட்டேன். ஆகவே மேலே கண்ட கோரிக்கைகள் எதற்கும் தாங்கள் பதில் எழுத வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். கையெழுத்து நன்றாக வந்துவிட்டதால் மனம் வரவில்லை. இது தங்கள் கைக்குக் கிடைக்கும் முன்பே தங்கள் புதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டுத் தம் வெற்றியை விவரித்திருப்பார். இன்னும் கூப்பிடவில்லை என்றால், அவர் சொல்லும்போது தாங்கள் நன்றாக வியப்படைய வேண்டும். இப்போதிருந்தே கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளவும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் கோந்து தீர்ந்துவிட்டதால் இந்த உறையையும் அதே மைதாப் பசையால்தான் ஒட்டியிருக்கிறேன். வழியிலேயே அது பிரிந்து, தங்களுக்குத் திறந்தபடி வந்து சேர்ந்திருந்தால், அதை மட்டும் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.